உஷார்! ஏரிக்கரையில் குதிரையோடு ராத்தங்கப் போகிறீர்களா?

இந்த மாதத்தில் மட்டும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை வந்துவிட்டது அந்த அறிவிப்பு. சனிக்கிழமை சாயந்திரம் குதிரை சவாரி, ஏரிக்கரையைச் சுற்றி ஒரு வலம், ராத்திரி கரையிலேயே கூடாரம், கேம்ப் ஃபயர், விடிந்ததும் மறுபடி சவாரி. குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம். கூடவே ஒரு படம்: மூடுபனி, அசையாத தண்ணீர், தலை குனிந்து நீர் குடிக்கிற வெள்ளைக் குதிரை. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் பகல் பூரா பவர் பிரஸ் சத்தத்தில் காது மரத்துப்போனவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் மனசு இளகத்தான் செய்யும். எனக்கும் இளகியது. போனேன். போய்ப் பட்டதால்தான் இதை இத்தனை அவசரமாக எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் ரொம்ப ஆபத்தான விஷயமே, குதிரை ஏரித் தண்ணீரைக் குடிப்பதுதான்.

போன மார்கழியில் அக்கா குடும்பத்தோடு போயிருந்தேன். தும்கூர் ரோட்டைப் பிடித்து ஊருக்கு வெளியே ஓர் ஏரி. நாலு குதிரைகள். குதிரைக்காரர் வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரைகள்தான், மற்ற நாட்களில் இப்படி கேம்புக்கு வருகின்றன. ரெண்டு மணி நேரம் சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் செம்பட்டை நிறப் பெண் குதிரை ஒன்றைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார். அது மூக்கை நீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், புஸ்ஸென்று ஊதி, தலையை விசுக்கென்று இழுத்துக்கொண்டது. மறுபடி இழுத்தார். நாசி ரெண்டும் விரிந்தன, காதுகள் பின்னால் போயின. குடிக்கவில்லை. "புது எடம்ல, கூச்சப்படுது அண்ணே" என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். வேறு தண்ணீர் யாரும் கொண்டுவரவில்லை. தாகம் எத்தனை நேரம் பொறுக்கும்? ராத்திரி எப்போதோ குடித்திருக்கிறது.

ஒரு மணி இருக்கும். மண்ணை யாரோ மம்பட்டியால் வறட் வறட்டென்று சுரண்டுகிற மாதிரி சத்தம். டார்ச்சை அடித்துப் பார்த்தால் அந்தச் செம்பட்டை முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. பறிக்கும், நிறுத்தும், திரும்பித் தன் விலாவையே பார்க்கும். மேலுதட்டைச் சுருட்டும். அந்தக் குளிரில் கழுத்தெல்லாம் வேர்வை. பிறகு மடாரென்று படுத்துப் புரள ஆரம்பித்தது. சாயந்திரத்திலிருந்து ஓர் உருண்டை லத்திகூடப் போடவில்லை என்று அப்புறம்தான் கவனித்தோம். கேம்ப் நடத்துகிறவரின் போன் சுவிட்ச் ஆஃப். கூட வந்த ஒருவர் இஞ்சி, ஓமம் தட்டிக் கஷாயம் காய்ச்சி, பீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, குதிரையின் வாயைத் தூக்கிப் பிடிக்கப் போனார். குதிரைக்காரர் குறுக்கே விழுந்து தடுத்தார். "ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும், செத்துப்போயிடும்!" அந்த மனுஷர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று டாக்டர் வந்து சொன்னார். டாக்டர் வரும்போது மணி நாலு.

மூக்கு வழியாக நீளக் குழாய் விட்டு இரைப்பை வரைக்கும் இறக்கி, முதலில் உள்ளே இருப்பதை வடியவிட்டு, பிறகு லிக்விட் பாரஃபின் ஏற்றினார். கழுத்து நரம்பில் ஊசி. அதற்கெல்லாம் முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன தண்ணி குடிச்சுது?" யாருக்கும் பதில் தெரியவில்லை. வெளிச்சம் வந்த பிறகு பார்த்தோம். ராத்திரிக் காற்று எங்கள் கரைப்பக்கமாக அடித்திருந்தது. கரையோரம் பச்சைப் பெயின்ட்டை டின்னோடு கொட்டிய மாதிரி ஒரு படலம். சோதனை செய்யாமல் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் இனி ஒரு குதிரையும் இந்தத் தண்ணீரில் வாய் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். குதிரை பிழைத்தது. மத்தியானம் அது முதல் லத்தி போட்டபோது குதிரைக்காரர் அழுதுவிட்டார்.

இதில் நாங்கள் யாரும் தெரிந்து வைத்திருக்காத ஒரு விஷயம் இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நாய் கெட்டதைத் தின்றால் கக்கிவிடும், நாமும் கக்கிவிடுவோம். குதிரைக்கு உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்துத் தசை அத்தனை இறுக்கம். உள்ளே போனது போனதுதான். ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கிற பிராணி அது, வெயிலில் ஓடினால் இன்னும் கூடும். நாம் ஒரு மடக்கு குடித்துத் துப்பிவிடுகிற தண்ணீரை அது பக்கெட் பக்கெட்டாக உறிஞ்சுகிறது. தண்ணீர் பிடிக்காமல் குடிக்காமலே நின்றாலும் ஆபத்து, குடலில் தீனி கட்டிப்போய் அதே வயிற்றுவலி வரும். கோலிக் என்று லாயத்துக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். புரண்டு புரண்டு குடல் முறுக்கிக்கொண்டால் ஆபரேஷன் தவிர வழியில்லை.

அந்தப் பச்சைப் படலம் சாதாரணப் பாசியாக இல்லாமல் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சாக்கடை கலந்த, வெயில் விழுகிற, ஓட்டமில்லாத தண்ணீரில் அது பொங்கிக்கொண்டு வரும். அதில் சில வகைகள் கல்லீரலையும் நரம்பையும் தாக்குகிற நஞ்சைச் சுரக்கின்றன. மாடு, நாய், குதிரை எதுவானாலும் சில மணி நேரத்தில் செத்துவிழலாம், மாற்று மருந்து கிடையாது. குடித்தால்தான் என்றில்லை, நீரில் இறங்கிக் குளித்த குதிரை பிறகு தன் மேலை நக்கினாலும் போதும். காற்று அந்தப் படலத்தை ஒரே கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாம் காற்று வாங்கக் கூடாரம் போடுகிற கரையும் பல சமயம் அதே கரைதான்.

சரி, ஏரித் தண்ணீர் வேண்டாம், பக்கத்துத் தோட்டத்து போர் தண்ணீர் கொடுக்கலாம் என்பீர்கள். இங்கேதான் பீன்யாக்காரனாக எனக்கு வயிறு கலங்குகிறது.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஷெட்டுக்கு அடுத்த ஷெட் குரோம் பிளேட்டிங். பார்ட்டைத் தொட்டியிலிருந்து எடுத்து அலசுகிற தண்ணீர் எலுமிச்சம்பழ மஞ்சளில் இருக்கும். சிமெண்ட் தரையில் அது ஓடிக் காய்ந்த இடமெல்லாம் மஞ்சள் கறை. அந்த ஷெட்டில் நெடுநாள் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை. குரோம் ஆவி தின்ற ஓட்டை. பிளேட்டிங் தொழிலில் உலகம் முழுக்க டாக்டர்களுக்குத் தெரிந்த வியாதி அது. அந்த மஞ்சள்தான் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். பீன்யா தொழிற்பேட்டையின் நிலத்தடி நீரில் அது இறங்கியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த தொழிற்பேட்டைகள் பட்டியலிலும் பீன்யா இருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரக் கணக்கு. அந்த அளவைப் பல மடங்கு தாண்டினாலும் தண்ணீர் பளிங்கு மாதிரித்தான் இருக்கும். மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும்போது நிலைமை எங்கேயோ போயிருக்கும். வாசனையும் கிடையாது. ஏரியின் பச்சையைப் பார்த்துக் குதிரையாவது தலையை இழுத்துக்கொள்ளும். தெளிந்த போர் தண்ணீரை எதுவும் சந்தேகப்படாது.

ஏரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. பெல்லந்தூர் ஏரி நுரை கக்கி ரோட்டில் பறந்ததையும், தீப்பிடித்து எரிந்ததையும் நாடே டிவியில் பார்த்தது. நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. 1894-ல் அர்க்காவதியின் குறுக்கே ஹெசரகட்டா ஏரியைக் கட்டி, அங்கிருந்து பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது போதாமல் போக, அதே ஆற்றில் 1933-ல் திப்பகொண்டனஹள்ளி அணை. ஊருக்கே குடிக்கக் கொடுத்த ஆறு! ஹெசரகட்டா பல வருஷம் புல்வெளியாகக் காய்ந்து கிடந்தது. திப்பகொண்டனஹள்ளிக்கு வருகிற தண்ணீரோ குறைந்து, வந்ததிலும் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்தது. ஊர் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தியது. சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்த ஊரே கைவிட்ட தண்ணீரை, வெறும் பக்கெட்டில் மொண்டு குதிரைக்கு வைக்கிறோம்.

அடுத்த பயம் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் சுத்தமாகவே இருந்தாலும் தொட்டி ஒன்றுதானே! நாலு இடத்துக் குதிரைகள் ஒரே தொட்டியில் வாய் வைக்கும்போது கிளாண்டர்ஸ் என்கிற நோய் பரவும். மூக்கிலிருந்து, பெரும்பாலும் ஒரே பக்க நாசியிலிருந்து, பசை மாதிரி கெட்டியான சளி வழியும். நாசிக்குள் புண் இருக்கும். கால்களின் உட்பக்கம் கயிற்றில் முடிச்சுப் போட்ட மாதிரி வரிசையாகக் கட்டிகள் தோன்றி உடையும். தடுப்பூசி இல்லை. குதிரைக்கு வைத்தியமும் செய்ய விடமாட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்து ஆழமாகப் புதைப்பதுதான் சட்டம். ஏனென்றால் அது மனுஷருக்கும் தொற்றும். கையில் ஒரு கீறல் இருந்தாலும், அந்தச் சளி கண்ணில் தெறித்தாலும் போதும். முதல் உலகப்போரில் எதிரி நாட்டுப் படைக்குப் போகிற குதிரைகளுக்கு ஜெர்மன் ஆட்கள் இந்தக் கிருமியைத்தான் ஏற்றிவிட்டார்கள் என்றால் அதன் கொடூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

எங்கேயோ வடநாட்டு வியாதி என்று தள்ளிவிடாதீர்கள். அண்மைக் காலத்தில் நம் பெங்களூரிலேயே, டி.ஜே. ஹள்ளிப் பகுதியில், இது கண்டறியப்பட்டது. ஒரு குதிரைக்கு உறுதியானால் சுற்றி 5 கிலோமீட்டர் நோய் வட்டம், 25 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வட்டம் என்பது அப்போதைய விதி. டி.ஜே. ஹள்ளியை மையமாக வைத்து அந்தக் கணக்கில் கோடு போட்டால் பீன்யாவும் உள்ளே வந்தது. கல்யாண ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் கேம்புக்கும் ஒரே குதிரைகள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. முந்தின நாள் எந்தத் தெருவில், எந்தக் குதிரையோடு ஒரே கட்டுத்தறியில் நின்றது என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் பல ஸ்டேட் பார்க்குகளில் ஏரிக்கரையிலேயே குதிரை கேம்ப் உண்டு. குதிரைக்கென்று தனிப் பாதை, தனித் தொழுவம், கயிறு கட்டத் தனிக் கம்பம். உள்ளே நுழைய வேண்டுமானால், காகின்ஸ் பரிசோதனையில் தொற்று ரத்தசோகை இல்லை என்று வந்த சான்றிதழைப் பல இடங்களில் வாசலிலேயே கேட்பார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே அப்படியே செய்யக் கிளம்புகிறார்கள். சான்றிதழை மட்டும் விட்டுவிட்டு! நம் ஊர் ஏரிப் பூங்காக்களில் குதிரைப் பாதை என்று ஒன்றே கிடையாது. நடைப்பயிற்சிக்குப் போட்ட இன்டர்லாக் கல் பாதைதான். பனி விழுந்த கல்லின் மேல் இரும்பு லாடம் எப்படி வழுக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் கேம்ப் நடத்துகிறவர்கள் பூங்காவுக்கு வெளியே, வேலி இல்லாத பின்பக்கக் கரைக்குப் போகிறார்கள். வண்டல் எடுத்த குழிகள் அங்கேதான் இருக்கும். ஆகாயத்தாமரை மூடியிருந்தால் குழி எது, கரை எது என்று பகலிலேயே தெரியாது. பச்சைப் புல்தரை என்று நினைத்துக் குதிரை காலை வைத்தால் வயிறு வரைக்கும் சேறு.

கரையில் பூத்து நிற்கிற செடியையும் ஒரு தடவை பாருங்கள். அரளி. பூங்காக்களிலும் ரோட்டு நடுத்திட்டிலும் அழகுக்காக வைத்திருக்கிறார்கள். அம்மன் கோவிலுக்குப் பறிக்கிற அதே செவ்வரளிதான், விஷம் என்று நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரியும். ஒரு கைப்பிடி இலை ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். பச்சை இலை கசக்கும் என்று ஒதுக்குகிற குதிரைகூட, வெட்டிப்போட்டுக் காய்ந்த இலையைப் புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும். காய்ந்தாலும் விஷம் குறையாது. அதேபோல, கொள்ளும் புல்லும் தீர்ந்துவிட்டது என்று பக்கத்துக் கோழிப்பண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ தீவனம் கடன் வாங்காதீர்கள். கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்காகச் சேர்க்கிற மோனென்சின் மாதிரியான மருந்துகள் குதிரைக்கு எமன்.

நீர்நிலை இருக்கிற இடத்தில் ஈயும் இருக்கும். கத்தி மாதிரி தோலைக் கீறி ரத்தம் உறிஞ்சுகிற பெரிய ஈக்கள் ஒரு குதிரையின் ரத்தத்தை இன்னொன்றுக்குக் கடத்தும்போது சர்ரா நோயும் போகும். 1880-ல் இந்தியாவில் வேலை பார்த்த கிரிஃபித் எவன்ஸ் என்கிற கால்நடை டாக்டர் குதிரை ரத்தத்தில்தான் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். விட்டு விட்டுக் காய்ச்சல், தின்றும் உடம்பு தேறாமை, வயிற்றுக்கு அடியில் வீக்கம், நடையில் தள்ளாட்டம். கேம்ப் முடிந்து ரெண்டு மூன்று வாரம் கழித்து வரும். அப்போது யாரும் அந்த ஏரியை நினைக்கமாட்டார்கள்.

ராத்திரி கட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு ஒரு குதிரையைப் பூங்காவில் போடுகிற சிமெண்ட் பெஞ்ச் ஒன்றின் காலில் கட்டியிருந்தார்கள். தெருநாய்க் கூட்டம் ஒன்று குரைத்துக்கொண்டு வந்ததும் அது மிரண்டு இழுத்த இழுப்பில் பெஞ்ச் பெயர்ந்து சாய்ந்தது. அந்தப் பெஞ்சில் ஐந்து நிமிஷம் முன்னால்வரை என் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். குதிரையைப் பெஞ்சிலும் கார் பம்பரிலும் கூடாரக் கம்பத்திலும் கட்டவே கட்டாதீர்கள். உறுதியான மரத்தில், அதன் தோள் உயரத்துக்கு மேலே, ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட வேண்டும். தாழக் கட்டினால் கயிற்றில் காலை மாட்டிக்கொள்ளும். அறுத்துக்கொண்டு ஓடினால் அது போய்ச் சேருகிற இடம் தும்கூர் ரோடு. ராத்திரி அந்த ரோட்டில் லாரிகள் எந்த வேகத்தில் வருகின்றன என்று நம் ஏரியாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நெலமங்கலா பக்கம் சிறுத்தை நடமாட்டம் வேறு. குதிரை வாசனைக்குச் சிறுத்தை வரும், நடுவில் நைலான் துணிக்குள் நம் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

கோடை லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கொடைக்கானல் ஏரியைச் சுற்றுகிற சுமார் 5 கிலோமீட்டர் ரோட்டில் குழந்தையைக் குதிரையில் ஏற்றும் முன் அதன் மூக்கைப் பாருங்கள். சளி இருந்தால் விலகிவிடுங்கள். செருப்புக் காலோடு ஏற்றாதீர்கள். கால் மிதிவளையத்துக்குள் முழுக்கப் போய் மாட்டிக்கொண்டால், விழுந்த குழந்தையைக் குதிரை தரையோடு இழுத்துக்கொண்டு ஓடும்.

இந்தச் சனிக்கிழமைக்கு யாராவது பணம் கட்டியிருந்தால், இன்றைக்கே போன் போடுங்கள். குதிரைக்குக் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தது, காகிதம் எங்கே என்று கேளுங்கள். குதிரைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ராத்திரி கூப்பிட்டால் வருகிற டாக்டர் யார், ஏரிக்கரையில் தங்க யார் அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் பணம் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள். ஏற்கனவே போய்விட்டீர்கள், ராத்திரி குதிரை தரையைப் பறித்து விலாவைப் பார்க்கிறது என்றால், முதலில் முன்னால் இருக்கிற தீனியை எடுத்துவிடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1962-க்கு அடியுங்கள், கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கால்நடை அவசர உதவிக்கு அதே எண்தான். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டி ஏற்பாடு செய்துகொண்டே டாக்டரோடு போனில் இருங்கள். கடைசியாக எப்போது லத்தி போட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதைக் குறித்து வையுங்கள். அவர் கேட்கப்போகிற கேள்விகள் அவைதான்.

அந்த வாணியம்பாடிக்காரரைப் போன வாரம் ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் பார்த்தேன். செம்பட்டை கொஞ்சம் தேறியிருந்தது, விலா எலும்பு மறைந்திருந்தது. ஏதோ கேம்புக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற ஆட்டோவின் பின்சீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் ஆறு அடுக்கியிருந்தன. மூடிமேல் தனித்தனியாகச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. கேம்புக்கு வருகிறவர்களுக்கா என்று கேட்டேன். "இல்லண்ணே, குதிரைங்களுக்கு. கேம்ப்காரங்க இதுக்குக் காசு தரமாட்டேங்கறாங்க, என் கைக்காசுதான்" என்றார்.